மாரியாயி வீட்டு வாசலில் ரதம் நிற்கட்டும்

இந்த மாலைக்கும் இந்த மேடைக்கும் அழகு சேர்த்து வீற்றிருக்கும் அக்கிராசனர், ரயில்வே அலுவலகத் தலைமைக் கிராணி உயர்திரு தியாகராசா அவர்களே! திருவிழா என்னும் பெரும்பாரத்தைத் தோள்மாற்றாமல் சுமக்கும் திருவிழாத் தலைவர் பழனியப்பன் அவர்களே! பகலெல்லாம் தண்டவாளத்தில் வெயிலைத் தாங்கிவிட்டு, குளித்து நீறு பூசி இங்கே வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! கிள்ளானிலிருந்து ரயிலேறி நம் பிரிக்பீல்ட்ஸ் மாரியம்மனைக் காண வந்திருக்கும் அன்பர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற யோசனையோடு உட்கார்ந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! பந்தலுக்குள் வரமாட்டோம், ஆனால் பந்தலை விட்டுப் போகவும் மாட்டோம் என்று மூங்கில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும், சாமி கும்பிடாத சீர்திருத்தச் சங்கத்துத் தம்பிகளே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பழைய வாத்தியாரின் பணிவான வணக்கம்.

இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, "இறைவனை விட்டு விலகினோர் அடையும் தண்டனை." அச்சடித்த நோட்டீசைப் பார்த்துத்தான் நானே தெரிந்துகொண்டேன். தலைப்புக் கொடுப்பது சபையின் உரிமை. அதற்குள் என்ன சொல்வது என்பது என் உரிமை. வேலையில் இருந்த காலமெல்லாம் இன்ஸ்பெக்டர் துரை சொன்ன பாடத்தைத்தான் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகாவது என் பாடத்தை நடத்த விடுங்கள்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்னும் சற்று நேரத்தில் சிலருக்கு என்மேல் கோபம் வரப்போகிறது. அதற்குமுன் சிரித்து வைப்பது நல்லது.

அந்தத் தலைப்பில் பெயர் எதுவும் இல்லை. ஆனால் யாரை மனத்தில் வைத்து எழுதிய தலைப்பு என்று நம் லயத்து வீடுகளில் தெரியாதவர் யார்? கிள்ளான் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ரயில்வே லயத்தின் கடைசி வீட்டில் சின்னையா என்பவர் குடியிருக்கிறார். தண்டவாளம் பழுது பார்க்கும் வேலை. அவர் மனைவி மாரியாயி. பெயரிலேயே அம்மனை வைத்திருப்பவர். அவர்களுக்கு ஒரே மகள், தங்கமணி. என் பள்ளிக்கூடத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, நான் ஒன்று சொன்னால் ஒன்பது கேட்கிற பெண்.

கிள்ளான் ஆறு கரைமீறி நம் லயத்துக்குள் வந்த அந்த வெள்ள வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். தண்ணீர் வடிந்தது, காய்ச்சல் வந்தது. தங்கமணிக்கும் வந்தது. மாரியாயி ஈரப்புடவையோடு கோவிலைச் சுற்றினார். வேப்பிலையைப் பிள்ளையின் தலைமாட்டில் குவித்தார். கூழ் ஊற்றுகிறேன் என்றார், பால்குடம் எடுக்கிறேன் என்றார், என் உயிரை எடுத்துக்கொள் என்றார். பிள்ளை பிழைக்கவில்லை.

கருமாதி முடிந்த அன்று மாரியாயி வீட்டிலிருந்த அம்மன் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினார். விளக்கை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். கோவில் பக்கம் வருவதை நிறுத்தினார்.

இது அவர் செய்தது. நாம் என்ன செய்தோம்?

நம் வழக்கம் என்ன? திருவிழாவன்று மாலை அம்மன் மாட்டு ரதத்தில் ஏறி லயம் முழுவதும் வலம் வருகிறாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ரதம் நிற்கிறது. அந்த வீட்டுக்காரர் தேங்காய் உடைக்கிறார், கற்பூரம் காட்டுகிறார். ஏழை வீடு, கிராணி வீடு என்ற வேறுபாடில்லை. வாசலுக்கு வாசல் அவளே வருகிறாள்! இதைவிடப் பெரிய வேதாந்தம் உண்டா? இதைவிட இனிய வழக்கம் உண்டா?

அந்த வருஷம் மாரியாயியின் கதவு மூடியிருந்தது. ரதம் நிற்காமல் போனது. சரி. அடுத்த வருஷம் யாரோ சொன்னார்கள், அம்மனை வைத வீடு, அந்த வீட்டின் பார்வை அம்மன்மேல் படக்கூடாது, தோஷம் என்று. சொன்னவர் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எல்லோரும் பக்கத்து ஆளைக் காட்டுவீர்கள். சிவப்புப் பட்டில் ஒரு திரை தைத்தோம். ரதம் கடைசி வீட்டை நெருங்கியதும் மேளத்தை நிறுத்தினோம். அம்மன் முகத்துக்குத் திரையை இழுத்தோம். வீட்டைக் கடந்த பிறகு விலக்கினோம். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் இதுதான்.

பெரியோர்களே! ஒரு தாய், அழுகிற தாய், ஒரு படத்தைச் சுவருக்குத் திருப்பினாள். நாம், அழாத நாம், அம்மனையே திரைபோட்டு மறைத்தோம்! விலகியவர் யார்? விலக்கியவர் யார்? நோட்டீசில் அச்சடித்த அந்தத் தண்டனை யாருக்கு உரியது?

முணுமுணுப்புக் கேட்கிறது. கேட்கட்டும். நான் இன்னும் தண்டனைக்கே வரவில்லை.

தண்டனையை நாம் எவ்வளவு ஆவலோடு எதிர்பார்த்தோம்! அந்த வீட்டுக்குப் பாம்பு வரும் என்றோம், வரவில்லை. கூரை விழும் என்றோம், விழவில்லை. ஒருநாள் வேலையிடத்தில் சின்னையாவின் விரல் இரும்புக்கடியில் நசுங்கியது. பைப்படியில் தண்ணீருக்கு நின்றவர்களுக்கெல்லாம் வாய் மலர்ந்தது. "பாத்தியா? ஆத்தா சும்மா விடுவாளா?" என்றார்கள். நல்லது. அதே வாரம் நம் கோவில் மதிலுக்குள் நின்ற தென்னையில் இடி விழுந்தது. அந்தத் தென்னை எந்தச் சாமியை வைதது? யார் வீட்டு விளக்கைக் கட்டிலுக்கடியில் தள்ளியது?

என் அம்மன், பிரம்பைச் சுழற்றிக்கொண்டு ஆளெண்ணும் கங்காணி அல்ல! என் அம்மன், வேலைக்கு வராதவன் சம்பளத்தைப் பிடிக்கும் துரை அல்ல! பிரம்பைப் பற்றி எனக்குத் தெரியும். பிரம்பால் ஒரு பையனின் வாயை மூடலாம். அவன் நெஞ்சில் ஓர் எழுத்தைக்கூட எழுத முடியாது. ஒரு சாதாரண வாத்தியாருக்குத் தெரிந்த இது, உலகத்துக்கே தாயானவளுக்குத் தெரியாதா?

என்ன தம்பி? மூங்கில்காலுக்குப் பக்கத்தில் நிற்கிற தம்பி, சத்தமாகவே கேளுங்கள். "அப்ப சாமிய விட்டுட்டா ஒண்ணும் ஆவாதுன்னு ஒத்துக்கிறீங்களா வாத்தியாரே?"

நல்ல கேள்வி. கைதட்டுகிறவர்கள் பதிலையும் கேட்டுவிட்டுத் தட்டுங்கள். ஆகும், தம்பி. ஆகும். ஆனால் அது வெளியிலிருந்து வந்து விழுவதில்லை. கேளுங்கள்.

மாரியாயியை முன்பு அறிந்தவர்கள் சொல்லுங்கள், பைப்படியில் அவர் குரலுக்கு மேல் குரல் இருந்ததா? வரிசை தாண்டிக் குடம் வைத்தவள் தப்பித்தது உண்டா? ஆட்டுரலில் உட்கார்ந்தால் ஏதாவது ஒரு பாட்டு வாயில் ஓடிக்கொண்டிருக்கும். சின்னையாவைத் திட்டினால் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கேட்கும். பிள்ளைகள் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டுச் சிரிக்கும். தங்கமணி மட்டும் தலையைக் குனிந்துகொள்ளும். அப்படிப்பட்ட வீடு அது.

விளக்கைத் தள்ளியபிறகு ஒருநாள் சின்னையா என்னிடம் வந்தார். நிற்கவும் தெரியாமல் உட்காரவும் தெரியாமல் தவித்தார்.

"வாத்தியாரய்யா, வீட்ல ஒரு சத்தம் இல்லீங்க. சோறு போடுறா, துணி தொவைக்கிறா. எல்லாம் செய்யுறா. ஆனா திட்ட மாட்டேங்குறாய்யா. வேணும்னே செருப்போட உள்ள போயிப் பாத்தேன். ஒண்ணும் சொல்லல. ஒரு வார்த்தை திட்டிட்டான்னாக்கூட எனக்குப் போதும்."

தம்பி, நீங்கள் கேட்டீர்களே, என்ன ஆகும் என்று. இதுதான் ஆகும். கோபம் இருந்தது; கொட்ட இடமில்லை. துக்கம் இருந்தது, முறையிட ஆளில்லை. "ஏன்?" என்ற கேள்வி இருந்தது; அதைக் கேட்பதற்கு எதிரே ஒரு முகமில்லை. அவரே அந்த முகத்தைத் திருப்பி வைத்துவிட்டார். கேட்காத கேள்வி தொண்டையிலேயே தங்கி, மற்ற எல்லாச் சொற்களுக்கும் வழியை அடைத்துக்கொண்டது. பாட்டு நின்றது. சண்டை நின்றது. ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை. மகள் பெயரைச் சொல்லவும் முடியவில்லை. யாரையும் சொல்ல விடவும் முடியவில்லை.

இறைவனை விட்டு விலகியவருக்கு வருவது இடி அல்ல, மௌனம்! பாம்பு அல்ல, பாழ்! அதுவும் அவள் அனுப்பும் தண்டனை அல்ல. கதவை உள்ளிருந்து சாத்தினால் வெளிச்சம் வராது. வெளிச்சம் தண்டித்துவிட்டது என்று சொல்வோமா?

பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் பள்ளிக்கூடத்தை இழுக்கிறேன் என்று என் வீட்டிலேயே கேலி செய்கிறார்கள், பரவாயில்லை. என் வகுப்பில் இரண்டுவிதமான பிள்ளைகள் இருப்பார்கள். ஒருவகை, பெயர் கூப்பிட்டதும் "உள்ளேன் ஐயா" என்று ஓங்கிச் சொல்லும். சொன்ன கையோடு மனம் ஜன்னல் வழியாக இறங்கி, ரம்புத்தான் மரத்தில் ஏறிவிடும். இன்னொருவகை, கோபித்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும். பெயர் கூப்பிட்டால் பதில் வராது. ஆனால் நான் சொல்கிற ஒவ்வொரு சொல்லும் அந்த முதுகுக்குக் கேட்கும்! நான் கதை சொன்னால் அந்த முதுகு சிரிக்கும்! சொல்லுங்கள் தாய்மார்களே, இந்த இரண்டில் வகுப்பை விட்டுப் போன பிள்ளை எது?

சரியாகச் சொன்னீர்கள். ரம்புத்தான் மரம்தான்!

நம்மில் எத்தனை பேர் வெள்ளிக்கிழமைதோறும் கோவிலுக்கு வந்து "உள்ளேன் அம்மா" சொல்லிவிட்டு ரம்புத்தான் மரம் ஏறிவிடுகிறோம்? நமக்கு யாரும் திரை போடவில்லையே! மாரியாயி முதுகைத்தான் காட்டினார். வகுப்பை விட்டுப் போகவில்லை. சுவரைப் பார்க்கத் திருப்பினாரே தவிர, அந்தப் படத்தை ஆணியிலிருந்து எடுக்கவில்லை. அதை நாம் யாராவது யோசித்தோமா?

இனிப் போன வருஷத்துக்கு வருகிறேன். ரதத்தில் பூட்டிய சோடிக் காளைகள் உங்களுக்குத் தெரிந்தவை. தங்கமணி இருந்த காலத்தில் அந்தக் கடைசி வீட்டில் ரதம் நின்றால், அம்மனுக்கு அம்மா தட்டெடுப்பார், மாடுகளுக்கு மகள் கழுநீர் வாளி எடுப்பாள். ஆடி அசைந்து, பாதியைத் தன் பாவாடையில் ஊற்றிக்கொண்டு வருவாள். போன வருஷம் என்ன ஆயிற்று? மேளம் நின்றது. திரை விழுந்தது. ரதம் போகவேண்டும். காளைகள் அந்த வாசலில் நின்றுவிட்டன! வண்டிக்காரர் அதட்டினார், நகரவில்லை. வாலை முறுக்கினார், நகரவில்லை.

"அம்மன் செயல்!" என்கிறீர்கள். அங்கேயும் சிலர் அப்படித்தான் கத்தினார்கள். பொறுங்கள். மேடையில் நின்று பொய் சொல்ல எனக்கு வராது. மாட்டுக்குக் கழுநீர் குடித்த வாசல் மறக்காது, அவ்வளவுதான். இதை அற்புதம் என்று சொல்லி உங்களை மயக்கமாட்டேன். அற்புதம் அதற்குப் பிறகு நடந்தது.

மூடியிருந்த கதவு திறந்தது. மாரியாயி வந்தார். கையில் வாளி. ரதத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. மாடுகளுக்கு முன்னால் வாளியை வைத்தார். நம் திருவிழாத் தலைவருக்குப் பொறுக்கவில்லை.

"மாட்டுக்கு மட்டும்தானா? ஆத்தாளுக்கு ஒண்ணுமில்லையா?" என்று கேட்டார்.

பழனியப்பன் அவர்களே, நீங்கள் கேலியாகக் கேட்டீர்கள். ஆனால் அத்தனை வருஷத்தில் அந்தப் பெண்ணிடம் அம்மனைப் பற்றி ஒரு கேள்வி கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். அதற்காக உங்களுக்கு நன்றி! மாரியாயி நிமிர்ந்தார். திரைக்கு நேராக நின்றார். லயமே அதிர ஒரு குரல் வந்தது. அந்தப் பழைய பைப்படிக் குரல்.

"மாடு தண்ணி கேட்டுச்சு, குடுத்தேன். உங்க ஆத்தா என் புள்ளயக் கேட்டா, அதயுந்தான் குடுத்தேன்! இன்னும் என்னா வேணுமாம்? திரைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டா ஆச்சா? வெளிய வந்து சொல்லச் சொல்லுய்யா!"

தாய்மார்களே, கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். அன்று நீங்கள் காதைப் பொத்திக்கொண்டீர்கள். நிந்தனை என்றீர்கள். நிந்தனையா அது? பிரார்த்தனை! நம் கோவிலில் இத்தனை காலத்தில் இதைவிட உண்மையான பிரார்த்தனையை நான் கேட்டதில்லை!

சில நாள் கழித்துச் சின்னையா என்னை அழைத்துக்கொண்டு போனார். "வாத்தியாரய்யா, திட்ட ஆரம்பிச்சிட்டா!" என்று வழியெல்லாம் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். உள்ளே படம் நேராக மாட்டியிருந்தது. கண்ணாடியில் தூசி படிந்திருந்தது.

"கிட்ட வந்து பாருங்க வாத்தியாரே," என்றார் மாரியாயி.

அம்மன் நெற்றிக்கு நேரே கண்ணாடியில் ஒரு குங்குமப் பொட்டு. காய்ந்து கறுத்துப் போயிருந்தது. கோணலான பொட்டு. எட்டாத உயரத்துக்கு எம்பி எம்பி வைத்த சின்ன விரலின் ரேகை அதில் அப்படியே இருந்தது. காய்ச்சலில் விழுவதற்கு முதல் நாள் தங்கமணி வைத்தது.

"இவளத் திருப்பி வெச்சேன்னு நெனச்சேன். எம் பொண்ணையும் சேத்துல்ல திருப்பி வெச்சிருக்கேன்," என்றார்.

அன்றுதான் அவர் அழுதார். மகள் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார்.

அன்பர்களே! திரும்பி வருதல் என்றால் என்ன? தோற்றுப்போய் வருவதா? குனிந்து வருவதா? நான் அவரிடம் கேட்டேன், "அம்மா, கோபம் தீர்ந்துவிட்டதா?" என்று. அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் மறுபடி முதல் வகுப்புக்குப் போய்விட்டேன்.

"ஏன் தீரணும்? கேக்க வேண்டியது நெறைய இருக்கு வாத்தியாரே. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு எப்பிடிக் கேக்குறது? நேருக்கு நேரா நின்னுதான் கேக்கணும். அடுத்த தடவ வாசலுக்கு வரட்டும் அவ."

இதுதான் திரும்புதல்! சமாதானமாகி வருவது மட்டும் பக்தி அல்ல. சண்டைக்கு வருவதும் பக்தி! கேள்வியைக் கீழே போட்டுவிட்டு வா என்று எந்தத் தாயும் சொல்லமாட்டாள். கேள்வியோடு வா என்பாள், கோபத்தோடு வா என்பாள், ஆனால் வா என்பாள்!

நாளை மாலை ரதம் புறப்படுகிறது. மாரியாயி இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. இந்நேரம் வாசலுக்குச் சாணம் தெளித்துக்கொண்டிருப்பார். கோலமாவு இடித்து வைத்திருக்கிறார். தேங்காய் வாங்கி வைத்திருக்கிறார். நம் திருவிழாக் கமிட்டி என்ன தீர்மானித்திருக்கிறது? ரதம் அங்கே நிற்க வேண்டுமானால் மாரியாயி கோவில் வாசலில், சபை நடுவே, எல்லோர் காலிலும் விழுந்து மன்னிப்புக் கேட்கவேண்டுமாம். இல்லாவிட்டால் திரையாம்.

அவர் பதிலும் வந்துவிட்டது. "அவ கால்ல விழுவேன். இவங்க கால்ல எதுக்கு விழணும்? இவங்களா எம் புள்ளயப் பெத்தாங்க?"

நான் கேட்கிறேன், அவர் யாரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்? வழக்கு இரண்டு பேருக்கு நடுவே. ஒருத்தி ரதத்தில் இருக்கிறாள்; ஒருத்தி வாசலில் நிற்கிறாள். நடுவில் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நாம் யார்? அம்மனுக்கு வக்கீலா? அவள் நமக்கு வக்காலத்து எழுதிக் கொடுத்தாளா?

அக்கிராசனர் தம் யாழ்ப்பாணத் தமிழில் ஏதோ சொல்கிறார். "மாஸ்டர், உதை இதிலை கதைக்க வேண்டாம், பிறகு கமிட்டியிலை ஆறுதலாக் கதைப்பம்" என்கிறார். ஐயா, தங்கள் மீது எனக்குப் பெருமதிப்பு. ஆனால் கமிட்டி உங்கள் ஊர் வழக்கில் ஆறுதலாக, எங்கள் வழக்கில் நிதானமாக, கூடி முடிப்பதற்குள் ரதம் லயத்தைச் சுற்றிக் கோவிலுக்குத் திரும்பிவிடும்! ஒரு தாய்க்கு ஆறுதல் சொல்ல நேரமில்லாத கமிட்டிக்கு எதற்கு அத்தனை ஆறுதல்?

நான் சொல்வதைச் சொல்லிவிடுகிறேன். நாளை அந்த வாசலில் நானும் நிற்பேன். கையில் கற்பூரத்தட்டு இருக்கும். திரை விழுந்தால் மாடுகளுக்கு முன்னால் போய் நிற்பேன். இந்தக் கிழவனைத் தாண்டித்தான் ரதம் போகவேண்டும். வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளை "முன்னால் வந்து நில்" என்று சொன்னவன், ஒருநாள் நானே முன்னால் வந்து நிற்கிறேனே!

தாய்மார்கள் வரிசையில் யார் எழுந்திருப்பது? பவுனம்மாளா? அந்தத் திரையைத் தைத்த கை உங்களுடையதுதானே, அம்மா? எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.

"தச்சது நாந்தான் வாத்தியாரே. எங்கிட்டதான் பொட்டியில இருக்கு. நாளைக்கு அது ரதத்துல ஏறாது. ரெண்டாக் கிழிச்சு மாட்டுக் கொம்புல கட்டி விட்டுர்றேன். அதுங்களாச்சும் ஒழுங்கா நின்னுச்சு!"

ஆகா! தட்டுங்கள் கையை! இனி எனக்குப் பேச்செதற்கு? என் பேச்சை முடித்துவைத்த பவுனம்மாளுக்கு, என்னை இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்ட அக்கிராசனருக்கு, கேள்வி கேட்ட தம்பிக்கு, கேட்டுக்கொண்டிருந்த உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. தம்பி, நீங்களும் நாளைக்கு வாருங்கள். கும்பிட வேண்டாம். சும்மா வந்து பாருங்கள்.

என்ன பழனியப்பன் அவர்களே? ரதத்தை அந்த வாசலில் நிறுத்துவதாகச் சொல்கிறீர்களா? எழுந்து நின்றே சொல்கிறீர்கள், மகிழ்ச்சி! "நிறுத்துறோம் வாத்தியாரே, ஆனா இன்னும் வீடுங்க இருக்கு, எவ்ளோ நேரம் நிறுத்துறது?" என்கிறீர்களா?

இரண்டு பேரும் பேசி எத்தனையோ வருஷமாகிறது, ஐயா. பேசி முடிக்கட்டும். மாடுகளுக்குக் கழுநீர் இருக்கிறது.

வணக்கம்.